ஓரம் சுத்தமா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக்கு உங்கள் பேப்பர் 30 வருஷமாக வருகிறது. காலையில் அதை முதலில் பிரிப்பது நைனாதான், அவர் படித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் கைக்கு வரும். போன மாதம் நலவாழ்வுப் பக்கத்தில் கோடை வெயிலைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். தண்ணீர் குடிப்பது, மோர், இளநீர், வேர்க்குரு எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு வரி, தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நம் நிறத்துக்கு அந்தக் கவலையே வேண்டாம் என்று. நைனா அந்த வரி வரைக்கும் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூக்கின் வலது பக்கத்தில் இப்போது இருப்பது நெற்றியிலிருந்து இறக்கி வைத்த தோல். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அந்த வரி முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். நம் தோலில் இருக்கும் மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, அதனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் இங்கே தோல் புற்றுநோய் மிகக் குறைவு. குறைவு என்பது வேறு, வராது என்பது வேறு. வராது என்று நாம் நம்புவதால்தான், பொதுமக்களை விடுங்கள், சில டாக்டர்கள்கூட அதை நினைத்துப் பார்ப்பதில்லை. வெள்ளைத் தோலில் இது பளபளவென்று முத்து மாதிரி, இளஞ்சிவப்பாக வருமாம். நம் தோலில் வருவதில் பாதிக்கு மேல் கறுப்பாகவே இருக்கும். பார்க்க மச்சம் மாதிரி, மரு மாதிரி. முகத்தில் ஒரு மச்சம் வந்தால் நம் ஊரில் யார் கவலைப்படுவார்கள்? யோகம் என்றுகூடச் சொல்வார்கள்.

எங்கள் நைனா காசிமேட்டுக்காரர். 14 வயதில் கட்டுமரத்தில் ஏறியவர், அப்புறம் ஃபைபர் படகு, கடைசியில் சில வருஷம் விசைப்படகு. கடலுக்குப் போவதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் துறைமுகத்தில் வலை பின்னப் போய்விடுவார், அங்கேயும் வெயில்தான். கடலில் தலைக்கு மேல் அடிக்கிற வெயில் மட்டும் இல்லை, தண்ணீரில் பட்டுத் திரும்பி முகத்துக்குக் கீழேயிருந்தும் அடிக்கும். தலையில் துண்டு கட்டிக்கொள்வார்கள் சரி, மூக்குக்கு எதைக் கட்டுவது? 40 வருஷத்துக்கு மேல் அந்த மூக்கு அப்படியே வெயிலில் காய்ந்திருக்கிறது.

2019இல் வலது மூக்கு மடலும் கன்னமும் சேருகிற மடிப்பில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. ஷேவ் பண்ணும்போது கத்தி பட்டு ரத்தம் வரும், பொருக்கு கட்டும், பொருக்கு விழும், மறுபடி ரத்தம் வரும். இப்படியே இரண்டு வருஷம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூபைத் தடவினார், அதில் ஸ்டீராய்டு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பெரியம்மா சுண்ணாம்பு வைக்கச் சொன்னார், அதையும் வைத்தார்கள், தோல் வெந்ததுதான் மிச்சம்.

2021இல் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் காட்டினோம். பெயர் வேண்டாம். மரு என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, காட்டரி மிஷினால் பத்து நிமிஷத்தில் சுட்டு எடுத்துவிட்டார்கள். எடுத்ததை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அது குப்பைக் கூடைக்குத்தான் போயிருக்க வேண்டும், ஏனென்றால் ரிப்போர்ட் என்று ஒன்று எங்களுக்கு வரவே இல்லை. மேலே இருந்தது போய்விட்டது, தழும்பு லேசாக மினுமினுத்தது, நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், இந்தக் கடிதமே இதற்காகத்தான். முகத்தில், உடம்பில், எங்கேயும் சரி, ஒரு கட்டியையோ மருவையோ மச்சத்தையோ சந்தேகப்பட்டு எடுத்தால், அதை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப முடியாதபடி சுட்டுக் கருக்கிவிடுகிற வேலை என்றால், முதலில் ஒரு சின்னத் துண்டு பயாப்ஸி எடுத்துப் பார்த்துவிட்டுச் சுடச் சொல்லுங்கள். பயாப்ஸி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, மூன்று நான்கு மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு பஞ்ச் போட்டு எடுப்பார்கள், ஒரு தையலோ இரண்டு தையலோ போடுவார்கள். எங்களுக்கு அன்று அந்த ஒரு துண்டை யாராவது பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஒன்றரை வருஷம் கழித்துத் தழும்பின் ஓரத்தில் மறுபடியும் கறுத்தது. இந்த முறை பட்டாணி அளவுக்கு வந்தது, நடுவில் குழி விழுந்தது, குழியில் ஈரம். நைனா யாரிடமும் காட்டவில்லை, துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்டுபிடித்தது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற அக்காதான். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, "நைனா, இந்தப் புண்ணு எத்தன மாசமா இருக்கு?" என்று கேட்டார். நைனா "அது கெடக்குதும்மா" என்றார். அந்த அக்கா விடவில்லை, ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த வார்த்தைக்காக அவருக்கு நாங்கள் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அரசு மருத்துவமனையில் பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் பேசல் செல் கார்சினோமா என்று வந்தது. தோலின் மேல் அடுக்குக்கு அடித்தளமாக இருக்கிற செல்களில் ஆரம்பிக்கிற புற்று. உலகம் முழுக்க எடுத்துப் பார்த்தால் தோல் புற்றுநோய்களிலேயே அதிகம் வருவது இதுதானாம். 1827இல் அயர்லாந்தில் ஆர்தர் ஜேக்கப் என்ற கண் மருத்துவர் இமையில் வந்த இந்தப் புண்ணைப் பற்றி எழுதினார். அதற்கப்புறம் எலி கொறிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியிருக்கிற சதையைத் தின்று போவதால் எலிப்புண் என்று அர்த்தம் வருகிற பெயரையும் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்குச் சரியாகப் படுகிறது. எலி மாதிரி இதுவும் சத்தமில்லாமல் வேலை செய்யும். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவுவது நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை, ஆனால் விட்டுவைத்தால் மூக்கின் குருத்தெலும்பு, கண் இமை, காது என்று இருக்கிற இடத்தையே தின்றுவிடும்.

புற்று என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்ததும் சொந்தக்காரர்களும் வந்துவிட்டார்கள். சித்தப்பா ஒரே பிடியாக நின்றார். "புத்துல கத்தி வெக்கக் கூடாதுடா, வெச்சா பரவிடும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் ஆபரேஷன் செய்த கொஞ்ச நாளில் போய்விட்டார்கள், அதைப் பார்த்த பயம். ஆனால் அவர்கள் எல்லாம் முற்றிப்போன பிறகு போனவர்கள், கத்தியால் போகவில்லை. நாங்கள் இதைச் சர்ஜனிடமே கேட்டுவிட்டோம். அவர் கோபப்படவில்லை, பேனாவை எடுத்து ஓபி சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார், அதைச் சுற்றி இன்னொரு பெரிய வட்டம் போட்டார். உள்வட்டம் கண்ணுக்குத் தெரிகிற புற்று, வெளிவட்டம் நான் வெட்டப்போகிற இடம், நடுவில் இருக்கிறது நல்ல தோல், அந்த நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவதுதான் வைத்தியம் என்றார். வெட்டினால் பரவாது, பாதி வெட்டினால் மிச்சம் வளரும், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றும் சொன்னார்.

எவ்வளவு நல்ல தோலை வெட்ட வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. புற்று இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்து, எல்லை தெளிவாகத் தெரிந்து, முதல் தடவையாக இருந்தால், சுற்றிலும் 4 மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் நூற்றுக்கு 95 பேருக்கு முழுசாக வந்துவிடும். மிளகு அளவில் இருந்தபோதே வந்திருந்தால் எங்கள் கணக்கும் இதற்குள் அடங்கியிருக்கும், வெட்டிப் பக்கத்துத் தோலை இழுத்துத் தைத்து அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி வந்த புற்றுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. தழும்புக்கு அடியில் அது எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் வேர்விட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதிலும் மூக்கு மடிப்பு, கண் ஓரம், காதைச் சுற்றி, உதடு, இதெல்லாம் திரும்ப வருவதற்கு அதிக வாய்ப்புள்ள இடங்கள். இஷ்டத்துக்கு அகலமாக வெட்டவும் முடியாது, மூக்கில் எவ்வளவு இடம்தான் இருக்கிறது?

அதனால் எங்கள் டாக்டர் இரண்டு கட்டமாகச் செய்வோம் என்றார். முதலில் வெட்டி எடுப்பது, மருந்து வைத்துக் கட்டிவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது, ஓரம் சுத்தம் என்று வந்த பிறகே மூக்கை மூடுவது. ஓட்டையோடு ஒரு வாரம் இருக்க வேண்டுமா என்று எங்களுக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. இப்போது யோசித்தால், அவசரப்பட்டு அழகாக மூடியிருந்தால், அடியில் இருந்த மிச்சத்தின் மேல் நல்ல தோலைப் போர்த்தி மூடின மாதிரி ஆகியிருக்கும். மூடின இடத்துக்குக் கீழே அது வளர்ந்தால் வெளியே தெரியவே பல வருஷம் ஆகும்.

ஆபரேஷன் முழு மயக்கத்தில் இல்லை, ஊசி போட்டு மரத்துப்போக வைத்துத்தான். நைனா முழித்துக்கொண்டே இருந்தார். வலி இல்லை, இழுக்கிற மாதிரி மட்டும் இருந்தது என்றார். அதற்கு முன்னால் சர்க்கரை, பிரஷர் பார்த்தார்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் இளக்குகிற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். சாப்பிடுகிறவர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் நாமாகவே நிறுத்தவும் கூடாது. வெட்டி எடுத்த துண்டின் ஒரு ஓரத்தில் டாக்டர் ஒரு கறுப்பு நூலைக் கட்டினார். அதுதான் கடிகாரத்தில் 12 மணி பக்கமாம். லேபில் இருப்பவருக்கு இந்தத் துண்டின் மேல் எது கீழ் எது என்று அந்த நூலை வைத்துத்தான் தெரியும். ஓரம் முழுக்க மை தடவி, துண்டு போட்டு, மை இருக்கிற இடம் வரைக்கும் புற்று செல் வந்திருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

எட்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அதில் மார்ஜின் பாசிட்டிவ் என்று போட்டிருந்தது. பாசிட்டிவ் என்றதும் என் தங்கை நல்ல செய்தி என்று நினைத்துச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். ஓரத்தில் இன்னும் புற்று இருக்கிறது என்று அர்த்தம். இந்த வார்த்தையை நம் ஆட்கள் எத்தனை பேர் தப்பாகப் புரிந்துகொண்டு ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்திருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது. தயவுசெய்து உங்கள் பேப்பரில் ஒரு தடவை பெரிய எழுத்தில் போடுங்கள்: பயாப்ஸி ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

9 மணி பக்கம், அதாவது கன்னத்தை ஒட்டிய பக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. நூல் கட்டியதால்தான் அது தெரிந்தது, இல்லாவிட்டால் மூக்கு முழுவதும் சுற்றி இன்னொரு வளையம் வெட்ட வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் மட்டும் மறுபடி வெட்டினார்கள், மறுபடி ஒரு வாரம். இரண்டாவது ரிப்போர்ட்டில் சுத்தம் என்று வந்தது. அதற்குள் ஓட்டை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தது பட்டாணி அளவு, உள்ளே இருந்தது இவ்வளவு.

இந்தக் காத்திருப்பை ஒரே நாளில் முடிக்கிற முறையும் இருக்கிறது, அதைப் பற்றி டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அப்புறம் நானே தேடிப் படித்தேன். மோஸ் அறுவை சிகிச்சை என்று பெயர். பிரெடரிக் மோஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1930களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் ஜிங்க் குளோரைடு களிம்பை வைத்துத் திசுவை இறுக வைத்து வெட்டினார்கள், ஒவ்வொரு அடுக்குக்கும் நாள்கணக்கில் ஆனது. 1970களில் இருந்து களிம்பு இல்லாமல், எடுத்த துண்டை அங்கேயே உறைய வைத்து மெல்லியதாகச் சீவிப் பார்க்கிறார்கள். நோயாளி கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார், டாக்டரே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், மிச்சம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் இன்னொரு சீவல், சுத்தமாகும் வரைக்கும் இப்படியே.

இதில் என்ன விசேஷம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மீன் வெட்டுகிற வீட்டில் பிறந்தவன் என்பதால் இப்படி யோசித்தேன். வஞ்சிரத்தைத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்தில் மட்டும்தான் தோலின் ஒரு கோடு தெரியும். இரண்டு வெட்டுக்கு நடுவில் இருக்கிற தோலை யாரும் பார்ப்பதில்லை. சாதாரணமாக லேபில் பார்ப்பது இந்த மாதிரிதான், உண்மையில் மொத்த ஓரத்தில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் கண்ணாடியில் வந்து விழுகிறது. மோஸ் முறையில் மீனின் தோலை அடிவயிறு, பக்கவாட்டு எல்லாம் சேர்த்து ஒரே தோலாக உரித்துத் தட்டையாகப் பரப்பிப் பார்க்கிற மாதிரி, ஓரம் முழுவதையும் பார்த்துவிடுகிறார்கள். நெதர்லாந்தில் முகத்தில் இந்தப் புற்று வந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து 10 வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். முதல் தடவை வந்தவர்களில் சாதாரணமாக வெட்டினவர்களுக்கு நூற்றுக்கு 12 பேருக்குத் திரும்ப வந்தது, மோஸ் முறையில் 4 பேருக்கு. எங்கள் நைனா மாதிரி ஏற்கெனவே ஒரு தடவை திரும்ப வந்தவர்களுக்கு சாதாரணமாக வெட்டினால் 13, 14 பேர், மோஸ் முறையில் 4 பேர்.

நம் நாட்டில் இதைச் செய்கிறவர்கள் மிகச் சிலரே. எல்லாருக்கும் மோஸ் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை, முதுகிலோ கையிலோ சின்னதாக வந்தால் சாதாரணமாக வெட்டினாலே போதும். மேலோட்டமான வகைக்குக் களிம்பு இருக்கிறது, ஆபரேஷன் தாங்காத வயதானவர்களுக்குக் கதிர் வைத்தியம் இருக்கிறது, வெட்டவே முடியாத அளவுக்குப் போனவர்களுக்கு 2012இல் இருந்து மாத்திரைகூட வந்திருக்கிறது. ஆனால் முகத்தில் மூக்கு, கண், காது பக்கம் வந்து, அதுவும் ஒரு முறை திரும்பியும் வந்துவிட்டால், ஓரம் முழுவதையும் பார்க்கிற வசதி அரசு மருத்துவமனையில் கூலிக்காரருக்கும் கிடைக்க வேண்டும். மோஸ் இல்லாவிட்டால் எங்கள் டாக்டர் செய்த மாதிரி பொறுமையாகக் காத்திருந்து மூடுகிற வழக்கமாவது எல்லா இடத்திலும் வேண்டும். அதற்கு மிஷின் தேவையில்லை.

மூக்கை மூடின கதையையும் சொல்லிவிடுகிறேன். நெற்றியில் ஒரு துண்டுத் தோலை மூன்று பக்கம் வெட்டி, புருவத்துக்குப் பக்கத்தில் ரத்த ஓட்டம் வருகிற காம்பை மட்டும் விட்டுவிட்டு, அதைத் திருப்பி மூக்கில் கொண்டுவந்து தைத்தார்கள். மூன்று வாரம் அந்தக் காம்பு புருவத்திலிருந்து மூக்கு வரைக்கும் ஒரு பாலம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் வைத்த தோல் அங்கேயே ரத்தம் பிடித்துக்கொண்ட பிறகு காம்பை வெட்டி எடுத்தார்கள். அந்த மூன்று வாரம்தான் எங்களுக்குக் கடினமான நாட்கள். நைனா வாசலுக்குக்கூட வரவில்லை. பேரப்பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அவராகவே தனி அறையில் இருந்தார். என் சின்ன மகள் மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த நாட்களில் நைனாவுக்குத் தைரியம் கொடுத்தது பட்டமேற்படிப்பு படிக்கிற ஒரு இளம் டாக்டர் சொன்ன கதை. இந்த நெற்றித் தோல் வைத்தியம் நம் நாட்டுடையது. திப்பு சுல்தான் யுத்தத்தில் ஆங்கிலேயர் பட்டாளத்துக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவருக்கு மூக்கை அறுத்துவிட்டார்கள். புனே பக்கத்தில் செங்கல் செய்கிற குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். இது 1794 அக்டோபரில் லண்டனில் ஒரு பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கார்ப்யூ என்ற சர்ஜன் 1814இல் இங்கிலாந்தில் இதே முறையைச் செய்து காட்டினார். பிறகு நான் தேடிப் பார்த்தேன் ஐயா, அந்தப் பத்திரிகையில் வந்தது கட்டுரைகூட இல்லை, ஆசிரியருக்கு ஒருவர் எழுதின கடிதம். நைனா இதைக் கேட்டுவிட்டு, "வண்டிக்காரனுக்கே வெச்சாங்களா, அப்ப எனக்கும் ஒட்டிக்கும்" என்றார். ஒட்டிக்கொண்டது.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் சினிமாக்காரர்கள் செய்துகொள்வது என்று எங்கள் பக்கத்தில் இன்னும் நினைக்கிறார்கள். ஸ்டான்லி இங்கேதான் இருக்கிறது. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம், பழைய ஆட்கள் இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். மிஷினில் கை நசுங்கிய எத்தனையோ தொழிலாளிகளுக்குக் கையைச் சீர்செய்து கொடுத்த பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு அங்கே இருக்கிறது. சென்ட்ரல் எதிரில் ஜி.ஹெச். இருக்கிறது. அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் ஆரம்பித்த புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. எங்கள் பகுதியில் ஆறாத புண்ணோடு உட்கார்ந்திருப்பவர்கள் வசதி இல்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை. இது டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனவே உங்கள் மூலமாக மாநகராட்சிக்கும் சுகாதாரத் துறைக்கும் ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், ஆம்பிளைகள் நிறையப் பேர் கரையில்தான் இருப்பார்கள், வலை சரிசெய்துகொண்டு. அந்த நாட்களில் ஒரு தோல் டாக்டரை அனுப்பி, துறைமுகத்திலேயே ஒரு பந்தல் போட்டு, முகத்தையும் காதையும் கையையும் பார்க்கச் சொல்லுங்கள். மீன் விற்கிற பெண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், காலையிலிருந்து மதியம் வரைக்கும் வெயிலில் உட்கார்கிறவர்கள் அவர்கள். எண்ணூர், திருவொற்றியூர் குப்பங்களிலும் இதையே செய்யலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அக்காக்களுக்கு, ஆறு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் ரத்தம் வருகிற மச்சம், பழைய தீக்காயத் தழும்பில் புதுசாக வருகிற புண், உள்ளங்காலிலும் நகத்தடியிலும் பரவுகிற கறுப்பு, இந்த நான்கைப் பார்த்தால் அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். கடைசி இரண்டும் எங்கள் நைனாவுக்கு வந்த வகை இல்லை, அவை அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டி, உடம்பில் பரவக்கூடிய வேறு புற்றுகளாக இருக்கலாம், அதில் தாமதம் உயிருக்கே ஆபத்து.

கிளினிக்குகளுக்கும் பார்லர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். மச்சம் எடுக்கப்படும், மரு எடுக்கப்படும், லேசர் என்று எங்கள் தெருவிலேயே மூன்று போர்டு தொங்குகிறது. டாக்டர் பார்த்துச் சொல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் லேபுக்குப் போக வேண்டும், ரிப்போர்ட் நோயாளி கையில் வர வேண்டும். இதற்கு ஆகிற செலவு நாங்கள் அலைந்த அலைச்சலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உங்கள் கட்டுரையில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போட்டுவிடுங்கள். எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நைனா நன்றாக இருக்கிறார். நெற்றியில் ஒரு கோடு இருக்கிறது, மூக்கில் வைத்த தோல் பக்கத்துத் தோலைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, அது போகப்போக அமுங்கும் என்றார்கள். ஒருவருக்கு ஒரு தடவை வந்தால் வேறு இடத்திலும் வர வாய்ப்பு உண்டு என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகம், காது, முதுகு எல்லாவற்றையும் காட்டிவிட்டு வருகிறோம். வலை பின்னப் போவதை நிறுத்த முடியவில்லை, அகலமான ஓலைத் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பத்து மணிக்கு மேல் நிழலுக்கு வந்துவிடுகிறார். துறைமுகத்தில் யாராவது மூக்கிலோ காதிலோ பொருக்கோடு வந்தால், தன் மூக்கைக் காட்டி உடனே ஓபி சீட்டு போடச் சொல்லி அனுப்புகிறார். இதுவரைக்கும் ஏழு பேரை அனுப்பியிருக்கிறார். ஐந்து பேருக்கு ஒன்றும் இல்லை. ஒருவருக்கு ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது. இன்னொருவருக்குக் காது ஓரத்தில் இதேதான், மிளகு அளவில் இருக்கும்போதே வெட்டிவிட்டார்கள், நான்கு தையல், ஓரம் சுத்தம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் நீண்ட நாள் வாசகன்